ஒரு பெயரடை நடந்து வந்த கதை

ஆங்கில ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற டீச்சரிடம் அப்படிச் சொல்வது, தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதைப் போன்றது. அதனால் நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கதை வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத வருணனைச் சொல்லை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். பாடத்திட்டம், மாதிரி வினாத்தாள், விடை திருத்தும் முறை எல்லாவற்றையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். அதில் ஆசை உள்ளவர்கள் நம் தொழிலில் நிறையவே உண்டு.

தொண்ணூறுகளில் நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டுடோரியலில் வேலை பார்த்தேன். கீழே சைக்கிள் கடை, மாடியில் நாங்கள். புது டயர் வாசனை இல்லாமல் ஆங்கில இலக்கணம் சொல்லித் தர இன்றைக்கும் எனக்குச் சிரமம்தான். பிளஸ் டூவில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் விழுந்தவர்கள் எங்களிடம் வருவார்கள். ஊரில் அவர்களை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. "இங்கிலீஷ்தான் போயிட்டு" என்பார்கள், பல் போனதைச் சொல்வது மாதிரி.

அவர்களில் ஒருவன் இசக்கிமுத்து. வி.கே.புரம் என்று சொல்லும் விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு சின்ன நூல் மில்லில் தற்காலிகத் தொழிலாளி. கல்யாணமாகிவிட்டது, கைக்குழந்தையாக ஒரு மகளும் இருந்தாள். மில் இரைச்சலில் அவனுக்கு ஒரு காது முக்கால்வாசி போய்விட்டது. இரைச்சல் எட்டாத, வருகை பதியும் டைம் ஆபீஸில் ஒரு கிளார்க் இடம் காலியாகப் போகிறது, பிளஸ் டூ தேறிய சான்றிதழோடு வந்தால் உனக்கே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் வெளியாள் ஒருவன் வந்துவிடுவான். சேர வந்த அன்றே இதையெல்லாம் என்னிடம் சொன்னான்.

"இன்னொரு காதாவது மிஞ்சட்டும் டீச்சர். பிள்ளை பேச ஆரம்பிக்கும்போது எனக்குக் கேக்கணும்லா" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் எந்தச் சோகமும் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போல் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்கு வகுப்பு ஓடவில்லை.

அந்த வருடத் துணைப்பாடம் ஒரு குட்டி நாவல். ஏதோ ஓர் ஆங்கிலத் துறைமுக ஊர். அங்கே ஒரு துறைமுக அதிகாரி, விடுதி நடத்தும் ஒரு விதவை, வேலை போன ஒரு மாலுமி. கதை எளிது. ஆனால் எழுதியவருக்கு எந்த ஆளையும் சும்மா உள்ளே அனுப்ப மனம் வராது. ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பெயரடையைத் தூக்கி வைத்துத்தான் அனுப்புவார். ஒருவர் 'பாம்பஸ்', ஒருத்தி 'சல்லன்', ஒருவன் 'ஹாகர்ட்'. வாசிக்கும் பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். கதை அதற்காகக் காத்திருக்காமல் போய்விடும்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலது பக்கம் தமிழ்ப் பொருளும் எழுதினேன். பாம்பஸ் என்றால் படாடோபமான, தற்பெருமை மிக்க. இசக்கிமுத்து வெகு நேரம் பார்த்துவிட்டு எழுந்தான்.

"டீச்சர், இடது பக்கம் இருக்கது எனக்குத் தெரியாது. வலது பக்கம் இருக்கதும் தெரியாது. நடுவுல போட்டிருக்கிய பாருங்க கோடு, அது மட்டும் நல்லா வெளங்குது."

படாடோபம் என்றால் என்னவென்று கீழே சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் அது லாரியில் வரும் ஏதோ ஒரு பாகம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜெயராணி என்று ஒரு பெண் புன்னக்காயலில் இருந்து வந்துகொண்டிருந்தாள். கடலுக்குப் போகிறவர் மகள், சுறுசுறுப்பானவள். அவளுக்கு ஆங்கிலத்துக்கு ஆங்கிலமே பொருள் சொல்லும் அகராதி ஒன்றைக் கொடுத்தேன். 'சல்லன்' என்ற சொல்லைத் தேடினாள். 'மொரோஸ்' என்றிருந்தது. மொரோஸைத் தேடினால் 'க்ளம்' என்றிருந்தது. விடாப்பிடியாகப் பக்கம் பக்கமாகப் போய், வாரக் கடைசியில் சல்லனுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

"ஜங்ஷன்ல பஸ் ஏறி, ஊரெல்லாம் சுத்தி, ஜங்ஷன்லயே எறங்கின மாதிரி இருக்கு டீச்சர்" என்று அகராதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் முதல்வர் அப்போது வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டுடோரியலின் சொந்தக்காரரும் அவர்தான். அவரைப் பற்றிச் சொல்ல நல்லதும் உண்டு, மற்றதும் உண்டு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் சொன்னதை வைத்துத்தான் அதற்குப் பிறகு நான் காலம் தள்ளினேன்.

"வார்த்தைய விடுங்கம்மா, ஆளைப் பிடிங்க. அந்த எடத்துக்கு மேல ரெண்டு வரி, கீழ ரெண்டு வரி பாக்கச் சொல்லுங்க. அந்த ஆளு அங்கன என்ன செய்யுதான்? சுத்தி நிக்கவன் அவனைப் பாத்து என்ன செய்யுதான்? அதுல தெரியாதது டிக்ஷனரியிலயா தெரியப்போவுது?"

மறுநாள் துறைமுக அதிகாரி வரும் பக்கத்தை எடுத்தேன். அகராதிகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாம்பஸ் என்ற சொல்லைத் தாண்டி மேலே வாசித்தோம். அவர் படியிறங்கி வருகிறார். இடுப்பு பெல்ட்டில் இரண்டு கட்டை விரல்களையும் செருகிக்கொள்கிறார். கடலே வேலைக்குத் தாமதமாக வந்துவிட்டதைப் போல அதை ஒரு பார்வை பார்க்கிறார். அவரைக் கண்டதும் அதுவரை பேசிக்கொண்டிருந்த மாலுமிகள் அவசரமாகக் கயிறு சுற்றத் தொடங்குகிறார்கள்.

"கடலுக்கு அதிகாரியாம்லா" என்று ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இசக்கிமுத்து சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து நின்றான். "டீச்சர், இவரை எனக்குத் தெரியும். இவரு எங்க ஸ்பின்னிங் மாஸ்டர்."

சொல்லிவிட்டு ஒரு சைகை செய்தான். இரண்டு கட்டை விரலும் இடுப்பில், கன்னம் உப்பி, தாடை மேலே, பார்வை வலமிருந்து இடமாக ஒரு சுற்று. ஒரு நொடிதான். வகுப்பு மொத்தமும் துறைமுக அதிகாரியை நேரில் பார்த்துவிட்டது.

மில்லுக்குள் நீங்கள் போயிருந்தால் தெரிந்திருக்கும். மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கையும் முகமும்தான். நூல் அறுந்துவிட்டது, கேன்டீனில் டீ வந்துவிட்டது, உன்னை வீட்டிலிருந்து தேடி வந்திருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. இசக்கிமுத்து செய்தது, 'மாஸ்டர் வருகிறார், சோலியைப் பார்' என்பதற்கான சைகை. மேற்பார்வை பார்க்கும் மாஸ்டர் எப்படி நடப்பாரோ அப்படியே ஒரு கணம் நடந்து காட்டிவிட்டால் போதும், மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வருணனைச் சொல்லுக்கும் ஒரு சைகை பிறந்தது. ஆறிப்போன டீ வந்த அன்று மில்காரன் முகம் எப்படியிருக்குமோ அது 'சல்லன்'. வலையில் ஒன்றும் சிக்காமல் கரையேறி வரும் தன் அப்பாவைப் போல ஜெயராணி நெற்றியிலிருந்து தாடை வரை கையால் முகத்தை வழித்துக் காட்டினாள். அது 'ஹாகர்ட்'. அதைப் பார்த்த பிறகு அந்த வேலை போன மாலுமிக்கு யாரும் என்னிடம் பொருள் கேட்கவில்லை. சைக்கிள் கடை அண்ணாச்சி ஒரு நாள் மாடியேறி வந்து, எதிர்க் கட்டடத்திலிருந்து பார்க்கிறவர்கள் நாங்கள் டான்ஸ் கிளாஸ் ஆரம்பித்துவிட்டோமா என்று கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருந்தேன். சைகைக்குப் பரீட்சையில் மதிப்பெண் கிடையாது. முகத்தைக் காட்டி முடித்ததும் உட்கார்ந்து, அந்த ஆள் என்ன செய்கிறான், மற்றவர்கள் அவனைப் பார்த்து என்ன செய்கிறார்கள் என்று தன் சொந்த ஆங்கிலத்தில் சில வரிகள் எழுதியாக வேண்டும். நொண்டி ஆங்கிலமாக இருந்தாலும் சரி. இசக்கிமுத்து நொண்டி ஆங்கிலத்தில்தான் எழுதினான். ஆனால் அது நடந்தது.

பரீட்சை நாள் வந்தது. தனித்தேர்வர்களுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம் மையம். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஹாலில். பரீட்சை முடியும்வரை டுடோரியல்காரர்கள் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பது அந்தக் காலத்து வழக்கம். நிற்பதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நிற்காவிட்டால் அடுத்த வருடம் பிள்ளைகள் சேர மாட்டார்கள். நானும் முதல்வரும் நின்றுகொண்டிருந்தோம்.

பறக்கும் படையின் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். நல்ல உயரம், நன்றாகத் தேய்த்த சட்டை. பெல்ட்டில் இரண்டு கட்டை விரல்களையும் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடக் கட்டடம் வேலைக்குத் தாமதமாக வந்துவிட்டதைப் போல அதை வலமிருந்து இடமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போனார். இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. முதல்வர் சோடா வாங்கித் தந்ததில் அதை மறந்துவிட்டேன்.

சோடா முடிவதற்குள் பியூன் ஓடி வந்தார்.

"டுடோரியல் டீச்சர் யாரு? உள்ள கூப்பிடுதாவ. உங்க ஆளுவ ஹால்ல ஏதோ பாஷை பேசியிருக்காவளாம்."

விதிப்படி எனக்கு அந்த வளாகத்துக்குள் இடமில்லை. கூப்பிட்டதால் போனேன். கூப்பிடாமலே முதல்வரும் வந்தார்.

தலைமையாசிரியர் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் தன் சொந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். சுவரோரமாக இசக்கிமுத்துவும் ஜெயராணியும். மேசை மேல் அவர்கள் இருவருடைய விடைத்தாள்களும். சுவர்க் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் எழுத வேண்டிய நேரம்.

"நான் ஹாலுக்குள்ள காலை எடுத்து வைக்கேன். இந்த ஆளு என்னைப் பாத்தான். ஒரு சைகை போட்டான். அதப் பாத்து இந்தப் பொண்ணு போட்டுது. அதப் பாத்து அடுத்த பெஞ்சு. பொறவு ஹாலே போட்டுது" என்றார் அதிகாரி. "காப்பியடிக்கதுக்கு அடையாள மொழி. ரெண்டு பேரு பேப்பரையும் ரத்து பண்ணி எழுதப்போறேன். வருஷக்கணக்கா பரீட்சைப் பக்கமே வர முடியாது."

இசக்கிமுத்து நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தான். ரத்து என்ற சொல் அவனுக்குக் கேட்டுவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் முதல்வர் முந்திக்கொண்டார். மற்றதும் உண்டு என்று சொன்னேனே, அது இதுதான்.

"நரம்புத் தளர்ச்சி சார், பாவம். கையும் மூஞ்சியும் அதுவா இழுக்கும்."

"ஹால் முழுக்கவா வே?"

"தொத்து சார்."

"நரம்புத் தளர்ச்சி தொத்துமா?"

"இந்தப் பக்கத்துத் தண்ணி அப்பிடி சார்."

தலைமையாசிரியர் முகம் சிவந்தது. வாசலில் நின்ற பியூன்கூட ஓர் எட்டு உள்ளே வந்தார். திருநெல்வேலியில் நீங்கள் யாருடைய படிப்பை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சாதத்தைக் குறை சொல்லலாம், தண்ணீரைச் சொல்லக் கூடாது.

"தாமிரபரணித் தண்ணியையா சொல்லுதீரு?" என்றார் அதிகாரி, ரொம்ப மெதுவாக.

முதல்வர் பின்வாங்கி, தான் சொன்னது டுடோரியல் மாடித் தொட்டியின் தண்ணீரை என்று ஏதோ முனகினார். அதிகாரி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கேளுங்கம்மா. நான் வி.கே.புரத்துக்காரன். எங்க அப்பா அந்தப் பக்கத்து மில்லுலதான் காலம்பூரா வேலை பாத்தாரு. இந்தச் சைகை எனக்குத் தெரியாதா? மாஸ்டர் வாராரு, சோலியப் பாருன்னு அர்த்தம். என்னைப் பாத்ததும் இவன் எச்சரிக்கை குடுத்திருக்கான். எல்லாரும் பிட்டை மறைச்சுட்டாங்க."

"பிட்டு ஏதாவது கிடைச்சுதா சார்?"

"எப்படிக் கிடைக்கும்? அதான் மறைச்சுட்டாங்கள்லா."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பிட் கிடைத்திருந்தால் குற்றம். கிடைக்காததால் பெரிய குற்றம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சைகைக்கு அப்படி ஓர் அர்த்தமே இல்லை என்று சொன்னால் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உண்டு என்று சொன்னால் இசக்கிமுத்துவின் டைம் ஆபீஸ் அங்கேயே முடிந்தது. இன்னொரு வழி, உள்ளதைச் சொல்வது. உள்ளதைச் சொன்னால் அவர் முகத்துக்கு நேரே ஒரு பெயரடையைச் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது எந்தப் பயிற்சிப் புத்தகமும் உதவாது. எனக்கு முதல்வர் வராந்தாவில் நின்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது, அவர் அதை அந்த அறையில் சுத்தமாக மறந்திருந்தாலும். வார்த்தையை விடு, ஆளைப் பிடி. இந்த ஆள் இப்போது என்ன செய்கிறார்?

"செஞ்சு காட்டுங்க சார், எந்தச் சைகைன்னு" என்றேன்.

அவர் செய்து காட்டினார். குற்றத்தை விளக்குவதற்காகத்தான் செய்தார். ஆனால் விரல் பெல்ட்டுக்குப் போய், கன்னம் உப்பி, தாடை உயர்ந்தபோது அவர் கண்ணுக்குள் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். வேலை முடிந்து வந்த அப்பாவின் முன்னால் இதைச் செய்து காட்டிச் சிரிக்க வைத்த ஒரு சின்னப் பையன் அந்த அதிகாரிச் சட்டைக்குள் இன்னும் இருந்தான். இவரிடம் உள்ளதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. தப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லித் தப்பிக்கும் வழியை முதல்வர் ஏற்கெனவே தண்ணீரில் விட்டிருந்தார்.

"சார், கேள்வித்தாளைக் கொஞ்சம் பாருங்க. துறைமுக அதிகாரியின் குணத்தை விவரி-ன்னு ஒரு கேள்வி இருக்கும். கட்டாயம் வர்ற பெரிய கேள்வி."

பார்த்தார். இருந்தது.

"அந்தக் கதையில அவருக்கு பாம்பஸ்னு ஒரு வார்த்தை போட்டிருக்கு. இவங்களுக்கு அகராதி வச்சுச் சொன்னா ஏறல. அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் தெரிஞ்ச ஆளு ஒருத்தரை நெனச்சுக்கிடச் சொன்னேன். மில்லுல மாஸ்டருக்குப் போடுற சைகையத்தான் எங்க வகுப்புல பாம்பஸுக்கு வச்சிருக்கோம்."

"சரி, இருக்கட்டும். நான் உள்ள வரும்போது எதுக்குப் போட்டான்?"

தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். முதல்வர் என் காலை மிதித்தார். ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வார்த்தை மறந்துபோயிருக்கும் சார்" என்றேன். "நீங்க வந்தீங்க. ஞாபகம் வந்திருக்கும்."

நிலைமையைச் சரிசெய்ய வேண்டியது தன் பொறுப்பு என்று இசக்கிமுத்துவுக்கு அப்போது தோன்றிவிட்டது.

"ஆமா சார். ரொம்ப நேரமா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், வரவே மாட்டேன்னுட்டு. நல்ல வேளையா சாமி மாதிரி வந்தீய."

முதல்வர் என் மற்றக் காலையும் மிதித்தார்.

அதிகாரி இசக்கிமுத்துவின் விடைத்தாளை இழுத்து வாசிக்க ஆரம்பித்தார். கேள்வி எண் போட்டு, பாதி வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. பிறகு ஒரே ஓட்டமாகப் பதில். எந்த இடத்தில் அவர் ஹாலுக்குள் நுழைந்தார் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஆங்கிலத்தை என்னால் அப்படியே தர முடியாது. தமிழில் இப்படி வரும். 'துறைமுக அதிகாரி ஒரு பாம்பஸ் மனிதர். இரண்டு விரலையும் பெல்ட்டில் வைப்பார். கடல் லேட்டாக வந்தது போல் பார்ப்பார். அவர் வந்தால் எல்லாரும் வேலை செய்வது போல் நடிப்பார்கள். அவர் போனதும் சிரிப்பார்கள். அது அவருக்குத் தெரியாது. ஆகையால் அவர் பாவம்.'

அவர் கடைசி வரியை இரண்டாம் தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"பாவம்னு புத்தகத்துல இருக்கா?"

"இல்ல சார்" என்றேன். "அது இவனா எழுதினது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் விரல்கள் தாமாகவே பெல்ட்டுக்குப் போயின. பாதி வழியில் அதைக் கவனித்து, கைகளை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டார். அங்கேயும் அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் போய்விட்டது.

பிறகு எழுந்து இசக்கிமுத்துவின் முன்னால் போய் நின்றார்.

"ஏலே, கன்னத்த இம்புட்டு ஊதப்பிடாது. ஊதினா தூரத்துல நிக்கவனுக்குப் பல்லு வலின்னுல்லா தெரியும். எங்க அப்பா இப்படிப் போடுவாரு, பாரு."

போட்டுக் காட்டினார். அப்படி ஒரு சைகையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்த அறைக்குள் ஒரு மில்லின் மாஸ்டர் நடந்து வந்துவிட்டார். தலைமையாசிரியர் தன்னை அறியாமல் மேசை மேலிருந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கினார். பியூன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஜன்னலைத் துடைத்தார். முதல்வர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நின்றார்.

அதிகாரி மூவரையும் பார்த்தார். விடைத்தாள்களை எடுத்து இருவர் கையிலும் கொடுத்தார்.

"போய் எழுதுங்க. போன நேரத்த இவங்களுக்குச் சேத்துக் குடுத்துருங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்.

அடுத்த ஹாலுக்கு அவர் பின்வாசல் வழியாகப் போனதாகப் பியூன் பிறகு எங்களிடம் சொன்னார்.

இசக்கிமுத்து தேறினான். வாங்கியது தேறுவதற்குத் தேவையான அளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஜெயராணி நன்றாகவே வாங்கினாள். முதல்வர் மாடிப்படிக்குக் கீழே புதிதாக ஒரு போர்டு எழுதி மாட்டினார். 'பறக்கும் படையே பாராட்டிய ஆங்கிலப் பயிற்சி.' அதை எடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டேன். மழையில் பெயின்ட் அழியும்வரை அவர் எடுக்கவில்லை.

புதியவர்களே, உங்கள் பிள்ளை ஒரு வருணனைச் சொல்லில் தடுக்கி நிற்கும்போது பொருளைச் சொல்லிவிட உங்களுக்குக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆள் நல்லவனா, எரிச்சலூட்டுகிறவனா, இரக்கப்பட வேண்டியவனா என்பது மட்டும் தெரிந்தால் கதை நகரும். மிச்சம் அடுத்த வரிகளில் கிடைக்கும். அகராதியைப் பிறகு திறக்கலாம், தான் நினைத்தது சரிதானா என்று பார்க்க. ஆனால் ஒரு சொல்லைப் பிள்ளைகளிடம் ஆளாகப் பிடித்துக் கொடுத்துவிட்டால், அவர்கள் அதை வைத்துக்கொண்டு எங்கே யாரைப் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் இசக்கிமுத்து டுடோரியலுக்கு வந்தான். தேய்த்த பேன்ட், உள்ளே செருகிய சட்டை, புது பெல்ட். டைம் ஆபீஸில் நிரந்தரம் ஆகியிருந்தான். ஆனால் முகம் ஆறின டீ குடித்தவன் முகமாக இருந்தது.

"என்ன இசக்கி, வேலை எப்படி?"

"வேலை நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் ஷெட்டுக்குள்ள போனா, என்னைப் பாத்து அதப் போடுதானுவ."

"எத?"

இடுப்புக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மில்லுல போட்டாப் போட்டுட்டுப் போறானுவ. அது இருக்கட்டும். நேத்து சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையுதேன். எம் மக நடுவீட்டுல நிக்கா. என்னைப் பாத்தா. ரெண்டு கையையும் கவுன் மேல வச்சு, கன்னத்த ஊதி, அவளும் போடுதா டீச்சர். எங்கன பாத்துப் படிச்சாளோ."

"பேசுதாளா இப்போ?"

"நல்லாப் பேசுதா. எல்லாம் கேக்கு." சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அவ சிரிக்க சத்தங்கூடத் தெளிவாக் கேட்டுது."

"நீ என்ன செஞ்ச?"

"என்னத்தச் செய்ய? வெளிய போயி, பெல்ட்டக் கழத்தி வச்சுட்டு, மறுபடியும் பையப் பைய உள்ள வந்தேன்."